ஐல் ஆஃப் தி டெட் (1945): போர், கொள்ளைநோய், வொர்வொலாக்கா. அந்தத் தீவில் கிரேக்கப் புராணம் எங்கே இருக்கிறது?

ரீல்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

பழைய திகில் படங்கள் பற்றிப் பேச்சு வந்தால் வால் லூட்டனின் 'கேட் பீப்பிள்' மட்டும்தான் இங்கே அடிபடுகிறது. அதே தயாரிப்பாளர் அதே ஆர்.கே.ஓ நிறுவனத்துக்கு எடுத்துக் கொடுத்த 'ஐல் ஆஃப் தி டெட்' பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இயக்கம் மார்க் ராப்சன், திரைக்கதை ஆர்டெல் ரே, நடிப்பு போரிஸ் கார்லாஃப். ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாது. போர், மர்மம், அமானுஷ்யம், கிரேக்கப் புராணம் எல்லாம் ஒரே வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் படம்.

கதையை முழுசாகச் சொல்லித்தான் பேசப்போகிறேன். எண்பது வருடப் பழைய படம் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1912, முதல் பால்கன் போர். கிரேக்கப் படை ஒரு சண்டையில் வென்றிருக்கிறது. ஜெனரல் ஃபெரிடிஸ் (கார்லாஃப்) தன் கூடாரத்தில், படையைத் தாமதமாகக் கொண்டுவந்த கர்னல் ஒருவரிடம் துப்பாக்கியை நீட்டுகிறார். கர்னல் வெளியே போகிறார், வெடிச்சத்தம் கேட்கிறது. ஜெனரல் முகத்தில் சலனமே இல்லை. அன்று இரவு ஒரு அமெரிக்க நிருபரைக் கூட்டிக்கொண்டு, தன் மனைவியைப் புதைத்த சிறு தீவுக்குப் படகில் போகிறார். கல்லறை உடைந்து கிடக்கிறது, உடலைக் காணோம். எங்கிருந்தோ ஒரு பெண் பாடும் குரல். அதைப் பின்தொடர்ந்தால் ஆல்பிரெக்ட் என்கிற சுவிஸ் தொல்லியலாளரின் வீடு. அங்கே சண்டைக்குப் பயந்து ஒதுங்கிய விருந்தாளிகள் சிலர். மறுநாள் காலை அவர்களில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு பிளேக் என்கிறார். ஜெனரல் தீவை மூடிவிடுகிறார். யாரும் வெளியேறக்கூடாது, தான் உட்பட.

இதற்குள் வீட்டு வேலைகளைப் பார்க்கும் கைரா என்ற கிழவி வேறொரு காரணம் வைத்திருக்கிறாள். தியா என்ற இளம்பெண் மனுஷியே இல்லை, வொர்வொலாக்கா, பக்கத்தில் இருப்பவர்களின் உயிரை உறிஞ்சுகிறாள் என்கிறாள். முதலில் ஜெனரல் சிரிக்கிறார். பிறகு சிரிப்பதை நிறுத்துகிறார்.

என் கேள்வி இதுதான். 'கிரேக்கப் புராணத்தைப் பயன்படுத்திய படம்' என்று இதைச் சொல்வதற்கு எல்லோரும் காட்டுவது படகுத்துறை பக்கத்தில் நிற்கும் மூன்று தலை நாய்ச் சிலை, செர்பெரஸ். அப்புறம் ஹெர்மீஸ் என்ற கிரேக்கத் தெய்வத்தின் முன்னால் ஆல்பிரெக்ட் மூட்டும் நெருப்பு. கடைசியில் ஒரு திரிசூலம். இதெல்லாம் வெறும் அலங்காரமா? அலங்காரத்துக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்பது என் எண்ணம். உங்கள் கருத்தைக் கேட்ட பிறகு சொல்கிறேன்.

---

சும்மாபார்ப்பவன்

தல, உண்மையைச் சொன்னால் முதல் நாற்பது நிமிஷம் எனக்குத் தூக்கம் வந்தது. ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தர் சாவார், மற்றவர்கள் பேசுவார்கள், இன்னொருத்தர் சாவார். கடைசி இருபது நிமிஷம் மட்டும் வேறு லெவல். அந்தச் சவப்பெட்டிக் காட்சியை ராத்திரி தனியாகப் பார்த்திருக்கக்கூடாது.

---

நள்ளிரவுக்காட்சி

அந்தக் காட்சிக்காகவே இந்தப் படத்தைக் கொண்டாடலாம். விருந்தாளிகளில் ஒருத்தியான திருமதி செயின்ட் ஆபினுக்கு உடல் விறைத்துப் பிணம்போல் ஆகிவிடும் நோய் இருக்கிறது. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய ஆயுட்காலப் பயம். அதை மருத்துவர் திரோசோஸிடம் மட்டும் நம்பிச் சொல்கிறாள். மருத்துவரும் பிளேக்கில் போய்விடுகிறார். பிறகு நடக்கக்கூடாதது நடக்கிறது. அவளைப் பெட்டியில் வைத்துக் கல்லறைக்குள் விட்டுவிட்டு வருகிறார்கள்.

காமிரா பெட்டியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. மேலே இருந்து தண்ணீர் சொட்டுகிறது. இசை இல்லை. பார்ப்பவருக்கு விஷயம் தெரியும், படத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அப்புறம் உள்ளே இருந்து அந்த அலறல்.

ராப்சன் 'கேட் பீப்பிள்' படத்தின் எடிட்டர். அதில் நடுத்தெருவில் பெண் நடந்து போகும்போது சீறிக்கொண்டு பஸ் வந்து நிற்குமே, அந்த வெட்டு அவருடையது. இன்று வரை திகில் படக்காரர்கள் அதை 'லூட்டன் பஸ்' என்று தயாரிப்பாளர் பெயரால்தான் சொல்கிறார்கள். அங்கே திடீரென்று அதிரவைத்தவர் இங்கே நேர் எதிராகச் செய்கிறார், காக்க வைத்தே கொல்கிறார். மார்ட்டின் ஸ்கோர்செஸி தன்னை மிகவும் பயமுறுத்திய படங்கள் என்று போட்ட சிறிய பட்டியலில் இதுவும் உண்டு.

---

குறுந்தொகைக்காரி

படம் தொடங்கும்போது ஒரு எழுத்துக் குறிப்பு ஓடுகிறதே, கவனித்தீர்களா? அடிமைப்பட்டு நசுங்கிக் கிடந்ததால் கிரேக்க மக்களின் புராணங்கள் மூடநம்பிக்கையாகச் சீரழிந்தன, காதல் தெய்வம் அஃப்ரொடைட்டி இருந்த இடத்துக்கு வொர்வொலாக்கா வந்தாள் என்கிற பொருளில். எனக்கு அங்கேயே எரிச்சல். பழைய கிரேக்கர்கள் பளிங்குச் சிலை, இப்போதைய கிரேக்கர்கள் பேய்க்கதை சொல்லும் பட்டிக்காட்டார் என்பது அந்தக் கால ஐரோப்பியர்களுக்கு வழக்கமான நினைப்பு. படமும் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்கிறது.

பழங்கால கிரேக்கத்தில் மட்டும் இந்த மாதிரிக் கதை கிடையாதா என்ன? குழந்தைகளைத் தின்னும் லாமியா இருந்தாள். எம்பூசா இருந்தாள். பிலோஸ்ட்ரேட்டஸ் எழுதிய, அப்போலோனியஸ் என்ற ஞானியின் சரித்திரத்தில், கொரிந்து நகரத்தில் மெனிப்பஸ் என்ற இளைஞனை ஒரு அழகி கல்யாணம் செய்யப் பார்ப்பாள். அவள் எம்பூசா, அவனைக் கொழுக்கவைத்துச் சாப்பிடத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போலோனியஸ் அம்பலப்படுத்துவார். அழகான பெண், பக்கத்தில் இருப்பவர் தேய்ந்துபோவது, இரண்டும் அங்கேயே இருக்கின்றன. சீரழிவும் இல்லை, ஒன்றும் இல்லை. அஃப்ரொடைட்டி கோயிலில் இருந்த அதே காலத்தில் எம்பூசா தெருமுனையில் இருந்தாள்.

---

கடல்காகம்

குறுந்தொகைக்காரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கிராமத்துக் கிரேக்கர்கள் நம்பிய அந்தப் பேய்க்கும் படத்தில் வரும் வொர்வொலாக்காவுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அங்கே அது பெரும்பாலும் ஒரு பிணம். கெட்ட சாவு செத்தவன், திருச்சபை விலக்கி வைத்தவன், உடல் மக்காமல் முரசு மாதிரி உப்பிப் போய் எழுந்து வருவான். ராத்திரி வந்து கதவைத் தட்டுவான். முதல் தட்டுக்குப் பதில் சொன்னால் போச்சு. அதனால் இரண்டாவது முறை தட்டினால்தான் திறப்பார்கள். சாண்டோரினி தீவு இதற்குப் பேர்போனது. ஏற்கெனவே நிரம்பி வழியும் இடத்துக்கு மேலும் கொண்டுபோவதைச் சாண்டோரினிக்குப் பேய் அனுப்புவது என்பார்கள்.

டூர்ன்ஃபோர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1700 கடைசியில் மிகோனோஸ் தீவில் இருந்தார். கொலையான ஒரு விவசாயி பேயாக வருகிறான் என்று ஊரே கிலி பிடித்து அலைவதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். பிணத்தைத் தோண்டி எடுத்தார்கள், இதயத்தை அறுத்து எரித்தார்கள், அப்படியும் அடங்கவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த குட்டித் தீவுக்கு உடலைக் கொண்டுபோய் முழுதாக எரித்தார்கள். டூர்ன்ஃபோர் ஜுரத்தில் உளறும் கூட்டத்தைப் பார்ப்பதுபோல்தான் எல்லாவற்றையும் எழுதுகிறார்.

தியா மாதிரி உயிரோடு இருக்கும், சிவந்த கன்னமுள்ள வேலைக்காரப் பெண்ணை இப்படிச் சொல்வது ஹாலிவுட் சரக்கு. ஆனால் திரைக்கதைக்கு அதுதான் வேண்டும். பிணத்தின் மேல் பழி போட்டால் தோண்டி எரித்துவிட்டுப் போய்விடலாம். உயிரோடு இருப்பவள்மேல் போட்டால்தான் பார்ப்பவர் பதறுவார்.

---

ஆய்வுக்கூடத்தான்

பிளேக் விஷயத்தைக் கொஞ்சம் பேசலாமா? எல்லோரும் பேயையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மருத்துவர் திரோசோஸ் சொல்வது ரத்தத்தில் பரவும் வகை பிளேக். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுவதற்கு முன்னாலேயே ஆளை முடித்துவிடும். அதனால் ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் எழுந்திருக்காதது நடக்கக்கூடியதுதான். 1912-க்கு இந்த அறிவு பொருந்துகிறதா என்றால் சரியாகவே பொருந்துகிறது. யெர்சின் ஹாங்காங்கில் கிருமியைக் கண்டது 1894. எலி உண்ணிதான் (தெள்ளுப்பூச்சி) கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் கராச்சியில் சோதனை செய்து காட்டியது 1898. பல வருடம் அவரை யாரும் நம்பவில்லை, பிறகு பம்பாயில் பிளேக் ஆணையம் செய்த ஆய்வுகள்தான் அதை நிலைநாட்டின. ஆக 1912-இல் ஒரு ராணுவ டாக்டர் "உண்ணி" என்று அடித்துச் சொல்வது புத்தம்புதிய அறிவியல். அந்த மிடுக்கு அவர் பேச்சில் தெரிகிறது.

காற்று விஷயம் பாதி சரி. சிரோக்கோ என்ற தென்காற்று அடித்தால் உண்ணிகள் செத்துவிடும், நோய் நின்றுவிடும் என்கிறார். வெயிலும் வறட்சியும் உண்ணிக்கு ஆகாது என்பது உண்மை. வட இந்தியாவில் கோடை உச்சத்துக்கு வந்ததும் பிளேக் தணிந்தது இதனால்தான். ஆனால் சிரோக்கோ சகாராவில் கிளம்பும்போதுதான் உலர்ந்த காற்று. மத்தியதரைக் கடலைத் தாண்டி வருவதற்குள் ஈரத்தைக் குடித்துவிடும். கிரேக்கக் கரையில் அது பெரும்பாலும் பிசுபிசுப்பான காற்று. இவர்கள் கதைக்குத் தோதாக அதைக் காயவைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. ஒருவரை ஒருவர் தொடாதீர்கள், கையைக் கழுவுங்கள் என்று கட்டளை போடுகிறார்கள். உண்ணி கடித்துப் பரவும் நோய்க்கு இதனால் என்ன லாபம்? எலியைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. தீவு முழுக்கப் பழைய கல்லறைகள், இடிந்த சுவர்கள். எலி இல்லாமலா இருக்கும்?

---

சும்மாபார்ப்பவன்

எலியைக் காட்டியிருந்தால் ஜெனரல் எலியோடு சண்டை போட்டிருப்பார். படம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் சார்.

---

ரீல்பெட்டி

ஆய்வுக்கூடத்தான் சார், கைகழுவுவது பற்றிச் சொன்னீர்களே, அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் காட்சியிலேயே ஜெனரல் கை கழுவுகிறார். கர்னலைச் சாகச்சொல்லி அனுப்புவதும் கையைக் கழுவுவதும் ஒரே காட்சியில். சுத்தம், ஒழுங்கு, சட்டம். இவருக்குப் பட்டப்பெயரே 'காவல் நாய்'. அதனால்தான் தீவில் இறங்கியதும் செர்பெரஸ் சிலைக்கு எதிரில் அவரை நிறுத்துகிறார்கள். செர்பெரஸின் வேலை என்ன? செத்தவர்களின் உலகமான ஹேடீஸின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வந்தவரை வெளியே விடாமல் இருப்பது. தீவை மூடியதும் ஜெனரல் செய்வது அதே வேலை. நிருபரும் தியாவும் தப்பிப் போய்விடுவார்களோ என்று படகையே நாசம் செய்கிற அளவுக்குப் போகிறார்.

சரி, நான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தின் கிரேக்கம் சிலைகளில் இல்லை. அது 'ஆன்டிகனி'யில் இருக்கிறது.

சோஃபக்ளிஸின் நாடகத்தில் போர் அப்போதுதான் முடிந்திருக்கும். கிரெயோன் ஆட்சிக்கு வந்திருப்பான். துரோகி பாலினைசிஸின் உடலைப் புதைக்கக்கூடாது என்று சட்டம் போடுவான். ஆன்டிகனி மீறுவாள். அவளை உயிரோடு கல்லறைக் குகைக்குள் அடைத்துவிடுவான். அப்போது குருட்டு தீர்க்கதரிசி டைரீசியஸ் வந்து கிரெயோனிடம் சொல்வதன் சாரம் இது: கீழே இருக்கவேண்டிய பிணத்தை மேலே வைத்திருக்கிறாய், மேலே இருக்கவேண்டிய உயிரைக் கீழே தள்ளியிருக்கிறாய்.

இப்போது படத்தைப் பாருங்கள். ஜெனரலின் மனைவி, செத்தவள், கல்லறையில் இல்லை. செயின்ட் ஆபினின் மனைவி, உயிரோடு இருப்பவள், கல்லறையில் இருக்கிறாள். முதல் பத்து நிமிடத்தில் ஒரு பெட்டி காலியாக இருக்கிறது, கடைசிப் பகுதியில் ஒரு பெட்டி காலியாக இருக்கவேண்டியது நிரம்பியிருக்கிறது. மேலும் கீழும் இடம் மாறிவிட்டன. நடுவில் சட்டத்தைத் தவிர வேறெதையும் அறியாத ஒரு படைத்தலைவன்.

தியா அவரிடம் பேசும் இடம் ஒன்று உண்டு. வரி வசூலிக்க சொந்த நாட்டுக் கிராமங்கள்மேலேயே பீரங்கி வைத்தவர் என்று சொல்லி அவருக்குப் பரிமாற மறுக்கிறாள். சட்டம் தப்பாக இருக்கலாம், கொடுமையாக இருக்கலாம், சட்டத்தை மட்டுமே வைத்து வாழ்பவர்களும் அப்படித்தான் ஆவார்கள் என்கிறாள். இது ஆன்டிகனியின் குரல். வேலைக்காரி உடுப்பில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

---

குறுந்தொகைக்காரி

நன்றாக இருக்கிறது ரீல்பெட்டி, ஆனால் கொஞ்சம் இழுத்துப் பொருத்துகிறீர்கள். ஆன்டிகனி தெரிந்தே சாகிறாள். திருமதி செயின்ட் ஆபின் யாரையும் எதிர்க்கவில்லை. அவளைக் கல்லறையில் வைத்ததும் தண்டனையாக இல்லை, தெரியாமல் நடந்த பிழை. கிரெயோன் கடைசியில் தன் தவறை உணர்ந்து துடிக்கிறான். ஃபெரிடிஸ் எதையுமே உணராமல் சாகிறார்.

எனக்கு ஹோமரின் இலியட் காவியத்தின் முதல் பாடல்தான் நெருக்கமாகத் தெரிகிறது. போர் முகாம். அகமெம்னான் என்ற படைத்தலைவன். பூசாரியின் மகளைத் திருப்பித் தரமாட்டேன் என்று வீம்பு. அப்போலோ ஒன்பது நாள் அம்பு விடுகிறான். முதலில் கோவேறு கழுதைகள், நாய்கள், பிறகு மனிதர்கள். கொள்ளைநோய் என்பது மேலே இருப்பவன் செய்த குற்றத்துக்குக் கீழே இருப்பவர்கள் கட்டும் விலை. லூட்டன் படத்திலும் ஜெனரலின் ராணுவம் விட்டுச்சென்ற பிணங்களில் இருந்துதான் பயம் தொடங்குகிறது.

---

கடல்காகம்

இரண்டு பேரும் வரலாறு எழுதிய தூசிடிடிஸை விட்டுவிட்டீர்களே. கி.மு. 430, ஏதென்ஸ் கொள்ளைநோய். அதுவும் போர்க்காலம், அதுவும் அடைபட்ட நகரம். மருத்துவர்களால் ஒன்றும் செய்யமுடியவில்லை, நோயாளிகளோடு அதிகம் பழகியதால் அவர்கள்தான் அதிகம் செத்தார்கள் என்று எழுதுகிறார். கோயில்களில் வேண்டியதும் குறி கேட்டதும் உதவவில்லை, கடைசியில் மக்கள் அதையும் விட்டுவிட்டார்கள் என்கிறார். திரோசோஸ் மருந்தை நம்பிச் சாகிறார், ஆல்பிரெக்ட் பாதி விளையாட்டாக ஹெர்மீஸிடம் வேண்டுகிறார். அறிவியலும் தெய்வமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எது முதலில் காப்பாற்றும் என்று பார்க்கின்றன. தூசிடிடிஸ் அதில் எதற்கும் ஓட்டுப் போடமாட்டார்.

---

நள்ளிரவுக்காட்சி

ஹெர்மீஸ் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நோய் தீர வேண்டும் என்றால் மருத்துவத் தெய்வம் அஸ்க்லிபியஸிடம் அல்லவா போகவேண்டும்? இல்லையென்றால் அப்போலோவிடம். ஹெர்மீஸ் செத்தவர்களின் ஆவியைக் கீழுலகத்துக்குக் கூட்டிப் போகிறவர். சாகாமல் இருக்கவேண்டும் என்று அவரிடம் போய் வேண்டுவது விநோதமாக இல்லையா?

---

குறுந்தொகைக்காரி

விநோதம்தான், ஆனால் அந்தத் தீவுக்கு அதுதான் சரி. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பாதி தூரம் கூட்டிவரப்பட்டவர்கள். வழிகாட்டியிடம்தான் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கமுடியும். தவிர, ஆல்பிரெக்ட் நம்பிச் செய்கிறாரா? தொல்லியலாளர். அவர் தோண்டியெடுத்த பழம்பொருள்களுக்கு விலை உண்டு என்று தெரிந்துதான் ஊர்க்காரர்கள் கல்லறைகளை உடைத்தார்கள். ஜெனரலின் மனைவி காணாமல் போனதற்கே மறைமுகமாக அவர்தான் காரணம், அந்தக் குற்ற உணர்வு அவரிடம் இருக்கிறது. தான் கெடுத்த தெய்வங்களுக்கு நெருப்பு மூட்டுகிற ஆள். படத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம் அவர்தான்.

---

பழையதந்தி

புதிதாக வந்திருக்கிறேன், வணக்கம். படம் எடுத்த காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

படப்பிடிப்பு தொடங்கியது 1944 ஜூலை. கார்லாஃபுக்கு முதுகில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டதால் சில நாள்களிலேயே நின்றுவிட்டது. அவர் தேறி வந்ததும் இடையில் 'தி பாடி ஸ்னாட்சர்' எடுத்தார்கள். பிறகு டிசம்பரில் இதைத் தொடர்ந்தார்கள். 1945 செப்டம்பரில் வெளியானது.

அந்த இடைவெளியில் கிரேக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1941 ஏப்ரலில் இருந்து ஜெர்மன் ஆக்கிரமிப்பு. முதல் குளிர்காலத்திலேயே ஏதென்ஸ் தெருக்களில் பட்டினிச் சாவு. 1944 அக்டோபரில் ஜெர்மானியர் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள். டிசம்பர் தொடக்கத்தில், கார்லாஃப் மறுபடி ஜெனரல் உடுப்பைப் போட்டுக்கொண்ட அதே மாதத்தில், ஏதென்ஸ் நடுத்தெருவில் அரசுத் தரப்பும் இடதுசாரி எதிர்ப்புப் படையும் மோதிக்கொண்டன, பிரிட்டிஷ் துருப்புகள் அரசுப் பக்கம் நின்று சுட்டன. சொந்த மக்கள்மேல் பீரங்கி வைத்த கிரேக்க ஜெனரல் என்ற வசனத்தை அந்த மாதத்துச் செய்தித்தாளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். திரைக்கதை முன்பே எழுதியது, அதனால் திட்டமிட்டது என்று சொல்லமுடியாது. ஆனாலும் 1912 என்ற திரை எவ்வளவு மெல்லியது!

அப்புறம் நடிகர்கள். கைராவாக வரும் ஹெலன் திமிக் ஆஸ்திரியாவின் பெரிய மேடை நடிகை, நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் மனைவி. நாஜிகளால் நாட்டைவிட்டு வெளியேறிய குடும்பம். மருத்துவராக வரும் எர்ன்ஸ்ட் டாய்ச்சும் அப்படியே தப்பி வந்தவர், பின்னால் 'தி தேர்ட் மேன்' படத்தில் பாரன் கர்ட்ஸ் ஆனவர். ஒரு பெண்ணைக் காட்டி "நோய்க்கு இவள்தான் காரணம்" என்று சொல்லும் கதையில், ஓர் இனத்தையே அப்படிக் காட்டிய அரசிடமிருந்து ஓடிவந்தவர்கள் நடிக்கிறார்கள். அந்தப் பழியைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கிசுகிசுப்பவளாக நடிப்பதும் அவர்களில் ஒருவர்தான்.

---

ரீல்பெட்டி

பழையதந்தி, வாங்க வாங்க. இதற்காகத்தான் இழை தொடங்கினேன்.

ஓவியத்தையும் சேர்த்துவிடுகிறேன். படத்தின் பெயரும் தீவின் தோற்றமும் ஆர்னால்ட் பொக்லின் என்ற சுவிஸ் ஓவியரிடமிருந்து வந்தவை. கறுத்த சைப்ரஸ் மரங்கள், பாறையில் குடைந்த கல்லறைகள், வெள்ளைத் துணி போர்த்திய உருவம் நிற்கும் படகு. 1880 முதல் 1886 வரை இதையே ஐந்து முறை வரைந்தார். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினாஃப் இதன் கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பார்த்துத்தான் அதே பெயரில் இசை எழுதினார். லூட்டன் 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி' படத்திலும் ஒரு சுவரில் இதை மாட்டியிருப்பார்.

ஐந்தில் மூன்றாவதை 1936-இல் வாங்கியவர் ஹிட்லர். லூட்டனின் ஆட்கள் ஹாலிவுட்டில் அட்டையும் பிளாஸ்டரும் வைத்து அந்தத் தீவைக் கட்டிக்கொண்டிருந்தபோது அசல் அவரிடம் இருந்தது. இப்போது அது பெர்லின் அருங்காட்சியகத்தில். நான்காவது, போரில் எரிந்துபோனது.

---

சும்மாபார்ப்பவன்

என்னடா இது, நான் தூங்கின படத்துக்குள் இவ்வளவு இருக்கா!

ஒரு கேள்வி. கடைசியில் பேய் உண்டா இல்லையா? படம் எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்துவிடுகிறது. பிணம் காணாமல் போனது திருடர்களால், சாவு பிளேக்கால், வெள்ளை உடுப்பில் அலையும் உருவம் பெட்டியை உடைத்து வந்த பைத்தியம் பிடித்த அம்மா. அப்படியென்றால் இதை ஏன் அமானுஷ்யப் படம் என்று வகைப்படுத்துகிறார்கள்?

---

நள்ளிரவுக்காட்சி

லூட்டனின் வழக்கமே அதுதான், விளக்கமும் கொடுப்பார், சந்தேகத்தையும் எடுக்கமாட்டார். திருமதி செயின்ட் ஆபின் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறாள். ஆல்பிரெக்ட் சேகரித்து வைத்த திரிசூலத்தை எடுக்கிறாள். கைராவைக் குத்துகிறாள், தியாவைக் கொல்லப்போகும் ஜெனரலைக் குத்துகிறாள், பாறையில் இருந்து விழுந்து சாகிறாள். வொர்வொலாக்கா செய்யும் என்று கைரா சொன்னதில் எது நடக்காமல் போனது? கல்லறையிலிருந்து எழுந்தவள் உயிரைக் குடித்தாள். கைராவுக்கு விஷயம் சரி, ஆள்தான் தப்பு.

தவிர, காற்று. சிரோக்கோ வருகிறது. மருத்துவர் சொன்னதும் அதுதான், ஆல்பிரெக்ட் ஹெர்மீஸிடம் கேட்டதும் அதுதான். யார் ஜெயித்தார்கள்? படம் சொல்லாது.

---

ஆய்வுக்கூடத்தான்

மருத்துவர்தான் ஜெயித்தார். காற்று தெற்கிலிருந்து வரும் என்று முன்னாலேயே சொன்னவர் அவர். நெருப்பு மூட்டினாலும் மூட்டாவிட்டாலும் வந்திருக்கும். ஹெர்மீஸுக்கு எதற்குப் பாதிப் புள்ளி?

---

குறுந்தொகைக்காரி

அவர் ஜெயித்தபோது உயிரோடு இல்லையே சார். அதை வைத்துத்தான் ஜெனரல் கட்சி மாறுகிறார். தன்னையே காப்பாற்றத் தெரியாத அறிவியல் எதற்கு என்று.

ரீல்பெட்டியோடு எனக்கு ஒத்துப்போவது இந்த இடத்தில்தான். ஜெனரல் பகுத்தறிவிலிருந்து மூடநம்பிக்கைக்கு விழுந்தார் என்று எல்லா விமர்சனத்திலும் எழுதுகிறார்கள். விழவே இல்லை. அவர் எப்போதும் ஒரே ஆள். முதல் காட்சியில் கர்னல்தான் கேடு, அவரை அப்புறப்படுத்தினால் படை சுத்தம். பிறகு உண்ணிதான் கேடு, தீவை மூடினால் சுத்தம். பிறகு தியாதான் கேடு. விதிமுறை மாறியது, காவல் மாறவில்லை. டாக்டர் சொன்ன தனிமைப்படுத்தலையும் கைரா சொன்ன பேயையும் அவர் ஒரே விறைப்போடுதான் அமல்படுத்துகிறார். கார்லாஃப் குரலைக்கூட உயர்த்தவில்லை பாருங்கள்.

---

கடல்காகம்

கார்லாஃப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கிளைச்செய்தி. அவருடைய அசல் பெயர் வில்லியம் ஹென்றி பிராட், லண்டன்காரர். தந்தை வழியில் ஆங்கிலோ இந்திய ரத்தம். தாய்வழிப் பாட்டியின் சகோதரிதான் சியாம் (இன்றைய தாய்லாந்து) அரண்மனையில் பாடம் சொன்ன அன்னா லியோனோவென்ஸ். இந்தப் படத்தில் அந்தச் சுருட்டை நரைமுடியும் மூட்டுக்கு மூட்டு வலிப்பதுபோன்ற நடையும் பாதி நடிப்பு, பாதி நிஜ முதுகுவலி.

---

பழையதந்தி

ஒரே ஒரு விஷயத்தில் படத்தோடு எனக்குச் சண்டை. ஜெனரல் செத்த பிறகு ஆல்பிரெக்ட் அவருக்காகப் பரிந்து பேசுகிறார். பைத்தியத்துக்குப் பின்னால் எளிமையான ஒரு நல்ல எண்ணம் இருந்தது, நம்மைக் காப்பாற்றத்தான் நினைத்தார் என்று. தியா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆல்பிரெக்ட் உட்பட.

---

ரீல்பெட்டி

பரிந்து பேசுவதுதான் எனக்கு அந்தப் படத்திலேயே பயங்கரமான இடம். காப்பாற்றுகிறேன் என்று கிளம்பிய ஆளால்தான் அவ்வளவும் நடந்தது, ஆல்பிரெக்ட் அதைப் பாராட்டாகச் சொல்கிறார். ராப்சன் அதை நம்பித்தான் எடுத்தாரா, நம்மை நம்பி விட்டுவிட்டாரா என்பதில் எனக்கும் தெளிவில்லை.

---

குறுந்தொகைக்காரி

நம்பித்தான் எடுத்திருப்பார். 1945-இல் சீருடை போட்டவரைக் கடைசி வசனத்தில் திட்டி அனுப்ப எந்த ஸ்டூடியோ விடும்? தியாவும் நிருபரும் தீவைவிட்டுப் போவதோடு கதை முடிகிறது. அவளுக்கு ஒரு வரி கொடுத்திருந்தால் நான் இவ்வளவு முணுமுணுத்திருக்கமாட்டேன்.

---

சும்மாபார்ப்பவன்

சரி, மறுபடி பார்க்கிறேன். இந்தத் தடவை பகலில். அடுத்து லூட்டன் படத்தில் எதைப் பார்க்கலாம்?

---

நள்ளிரவுக்காட்சி

'தி செவன்த் விக்டிம்', 1943. அதுவும் ராப்சன்தான், அவர் இயக்கிய முதல் படம். அதற்குத் தனி இழை போடுங்கள், இதில் கலக்கவேண்டாம்.